கரை நாடாக் கலம்

மதுரையிற் பிறந்தார்க்குக் கடல் என்பது பெரும்பாலும் ஏட்டிற் படிக்கும் பொருளேயாம். எம்மூர் ஆறாகிய வைகை, மலையிற் பிறந்து, சமவெளியில் வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் தன்னை வழங்கி, எஞ்சிய நீரை இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயிற் சேர்த்துவிடுவது. அது கடலைச் சென்று காணும் ஆண்டுகள் சிலவே. ஆற்றின் நிலையே இதுவாயின், அதன் கரையில் வாழும் எம்மனோர் நிலையைக் கூறவும் வேண்டுமோ? நாங்கள் கண்ட பெருநீர்ப்பரப்பு வண்டியூர்த் தெப்பக்குளம். நாங்கள் கண்ட மரக்கலம் தைத் திருநாளில் அதன்கண் வலம்வரும் தெப்பம். மழை பொய்த்த ஆண்டுகளில் அத்தெப்பமும் நிலைத்தெப்பமாய் அசையாது நின்றதுண்டு.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்தபின் கடலைப்பற்றி யான் கற்றவை பல. நெய்தல் என்னும் திணையும், அதற்குரிய எற்பாடு என்னும் சிறுபொழுதும், இரங்கல் என்னும் உரிப்பொருளும் மனப்பாடமாயின. கலம், நாவாய், வங்கம், அம்பி, தோணி, பஃறி என்று ஒரே மூச்சில் அடுக்கிக் கூறவும் வல்லவனானேன். சாதுவன் கலமுடைந்து நாகர் தீவிற் கரையேறிய கதையை மணிமேகலையிற் படித்தேன். ஆயினும் இவற்றையெல்லாம் கற்பதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, நடுக்கடலில் இரண்டு இரவுகள் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியிருந்தது. அதுவும் வணிகத்தின் பொருட்டன்று, கல்வியின் பொருட்டுமன்று; உண்டு உறங்கிக் களித்து மீளும் இன்பச் செலவு. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4ஆம் நாள், 'எம்பிரஸ்' என்னும் சொகுசுக் கப்பலின் முதற் பயணத்தைச் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். கோர்டீலியா என்னும் நிறுவனத்தார் நடத்தும் அக்கப்பல், பிரான்சு தேசத்துச் சேன்நசேர் நகரத்தில் 1990ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. பிறநாட்டார் கையில் வேறு பெயர்களோடு பல கடல்களில் உழன்றபின் நம் நாட்டிற்கு வந்தது. நீளம் 211 மீட்டர். கொள்ளளவு 48,000 டன்னுக்கு மேல். சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் சென்று புதுச்சேரி வழியாக மீளும் ஐந்து நாட் பயணம் ஒன்று. எவ்வூரையும் அணுகாது கடலினுட் சென்று மூன்றாம் நாள் சென்னைக்கே திரும்பும் பயணம் மற்றொன்று. (புதுச்சேரியில், கப்பலிலுள்ள சூதாட்டக்கூடத்தைக் காரணங்காட்டிப் பலர் எதிர்த்தனர். அரசும் இசைவளிக்கவில்லை. ஆதலின் அவ்வாண்டின் முதற் பயணத்தில் கப்பல் அவ்வூரை அணுகாமலே சென்றது.)

சென்னையில் கணிப்பொறித் தொழில் புரியும் என் இளைய மாமா, அவ்வாண்டு எங்கள் குடும்பத்தார் அனைவர்க்கும் இரண்டாவது பயணத்திற்குச் சீட்டு வாங்கினார். அம்மாச்சியையும் அழைத்துச் செல்லவேண்டுமென்பது அவர் விருப்பம். அம்மாச்சிக்கு அப்போது அகவை அறுபத்தைந்து. திருமங்கலத்திற்கு அண்மையிலுள்ள சிற்றூரில், வேப்பமரம் நிழல்செய்யும் வீட்டில் தனித்து வாழ்பவர்கள். மாமா தொலைபேசியில் செய்தியைக் கூறியபோது யானும் உடனிருந்தேன்.

"எந்த ஊருக்குப் போகிறது தம்பி, அந்தக் கப்பல்?"

"எந்த ஊருக்கும் போகாதம்மா. கடலுக்குள்ளே போய்ச் சுற்றிவிட்டுச் சென்னைக்கே வந்துவிடும்."

"ஊர் போய்ச் சேராத கப்பலில் எதற்கப்பா ஏறுவது?"

மாமா நீச்சற்குளம், நாடகக்கொட்டகை, பலவகை உணவு என ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். அம்மாச்சி அவற்றிற்கெல்லாம் 'உம்' கொட்டினார்களேயன்றி மறுமொழி கூறவில்லை. சற்றுநேரங் கழித்து, "நடுக்கடல் வரைக்கும் போகுமா?" என்று கேட்டார்கள். "போகும்" என்றார் மாமா. "அப்படியானால் நானும் வருகிறேன்" என்றார்கள்.

ஊர் சேராத கப்பல் என்பது நகைப்பிற்குரிய பொருளென்று கருதுவோர் நம்முட் பலர். ஆனால் மதுரையார் அவ்வாறு கருதுதல் பொருந்தாது. தெப்பம் எவ்வூருக்குப் போகிறது? நடு மண்டபத்தைச் சுற்றிப் புறப்பட்ட படித்துறைக்கே மீள்கிறது. அதனைக் காணத் திரளும் மக்களுள் ஒருவரேனும் 'எங்கே போகிறது?' என வினவியதில்லை. மேனாட்டாரும் நெடுங்காலம் இவ்வகைச் செலவை அறியாதவர்களே. ஜெர்மானியக் கப்பல் நிறுவனம் ஒன்றின் தலைவராயிருந்த ஆல்பர்ட் பாலின் என்பார், குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் பயணியர் குறைதலால் தம் பெருங்கப்பல் வாளாகிடத்தலைக் கண்டு, 1891ஆம் ஆண்டு சனவரியில் அதனை மத்தியதரைக் கடலில் இன்ப உலாவிற்கு விடுத்தார். அவ்வாறு பிறந்தது இத்தொழில். 1950களின் இறுதியில் ஜெட் விமானங்கள் பெருங்கடல்களைக் கடக்கத் தொடங்கியதும், ஊர்விட்டு ஊர் செல்லும் கப்பல்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. உலாக் கப்பல்களோ பெருகின. 2024ஆம் ஆண்டு முதற் பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் த சீஸ்' என்னும் கப்பலின் நீளம் 365 மீட்டர். அதனோடு ஒப்பிட நாங்கள் ஏறிய கலம் சிறியதே. எனக்கோ அது புதுமண்டபத்தையும் இராய கோபுரத்தையும் ஒருங்கே மிதக்கவிட்டாற்போலத் தோன்றியது.

பாண்டியன் விரைவு வண்டியில் எழும்பூர் சேர்ந்து, அன்று பிற்பகல் துறைமுகத்தை அடைந்தோம். அம்மாச்சியின் கையில் வாழையிலையிற் பொதிந்த சிறு மூட்டை ஒன்றிருந்தது. மாட்டுத்தாவணிச் சந்தையில் முந்திய நாள் வாங்கித் தம் கையாலே தொடுத்த மல்லிகைச் சரம் அது. சோதனை செய்த காவலர் பிரித்துப் பார்த்து, முகர்ந்து, நகைத்து, மீண்டும் கட்டிக் கொடுத்துவிட்டார்.

கப்பலில் ஏறியதும் முதற்கண் நிகழ்ந்தது களியாட்டன்று; உயிர்காப்புப் பயிற்சி. 1912ஆம் ஆண்டு டைட்டானிக் மூழ்கியபின் உலக நாடுகள் கூடிக் கடற்பயணக் காப்பு விதிகளை வகுத்தன. 2012ஆம் ஆண்டு இத்தாலியக் கரையில் கோஸ்டா கன்கார்டியா கவிழ்ந்தபின், கப்பல் புறப்படுமுன்னோ புறப்பட்டவுடனோ பயணியர் அனைவர்க்கும் பயிற்சியளித்தல் வேண்டுமென்று விதி இறுக்கப்பட்டது. எம்மைச் சூழ நின்றவர்கள் படம்பிடித்தும் உரையாடியும் பொழுதைப் போக்க, அம்மாச்சி ஒருவரே பணியாளர் கூறிய ஒவ்வொரு சொல்லையும் கூர்ந்து கேட்டார்கள். மிதவைச் சட்டையின் நாடாவை எங்ஙனம் இறுக்குவதென இருமுறை செய்துகாட்டச் சொன்னார்கள்.

மாலையில் கயிறுகள் அவிழ்க்கப்பட்டன. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களைக் கடந்தவுடன் கப்பல் மெல்ல மூச்சுவாங்குவதுபோல் ஏறித் தாழ்ந்தது. கலங்கரை விளக்கமும் கடற்கரைக் கட்டிடங்களும் ஒரு விரலுயரமாகி, பின் வெறும் ஒளிக்கோடாகி, அதுவும் அவிந்தது. நாற்புறமும் கரையின்றி வட்டமாய்க் கிடந்த நீரை அன்றே முதன்முறை கண்டேன். கடலைக் காட்டிலும் வானமே எனக்குப் பெரிதாய்த் தோன்றிற்று. கரையில் நின்று காண்பார்க்கு அதன் பாதியே தெரிகிறது.

உள்ளேயோ வேறோர் உலகம். பதினொரு தளங்கள், அவற்றிடையே ஏறியிறங்கும் மின்தூக்கிகள், நடுவே பல மாடம் உயர்ந்த கூடம். உணவுக்கூடத்தில் இட்டலியும் இருந்தது, இத்தாலியரின் பண்டங்களும் இருந்தன, சமணர்க்கெனக் கிழங்கு நீக்கிய சமையலும் தனியே இருந்தது. மக்கள் உண்ட வேகத்தை நோக்குங்கால், சீட்டின் விலையை உணவிலேயே மீட்டுவிடத் துணிந்தார் போலும் என எண்ண நேர்ந்தது. என் தந்தையார் அக்கூட்டத்தில் முன்னணியில் நின்றார். என் தங்கை, அவளுக்கு அப்போது ஒன்பது வயது, நீச்சற்குளத்தை விட்டு வெளிவர மறுத்தாள். கடல்மேல் ஒரு கப்பல், கப்பல்மேல் ஒரு குளம்! சூதாட்டக்கூடத்தை யான் வெளியே நின்று பார்த்ததன்றி உட்புகவில்லை. அகவை குறைந்தோர்க்கு அங்கு இடமில்லை. எம் குடும்பத்தில் அகவை நிறைந்தோர்க்கும் விருப்பமில்லை. மாமாவின் விருப்பத்தைப்பற்றி மட்டும் யான் உறுதிகூற இயலாது.

அம்மாச்சி முதலிரவு ஒரு கரண்டிச் சோறும் மோருமே கொண்டார்கள். எங்கள் அறையில் அவர்களுக்குச் சாளரத்தருகே படுக்கை. நள்ளிரவில் விழித்தபோது அவர்கள் எழுந்து அமர்ந்திருக்கக் கண்டேன். "உறக்கம் வரவில்லையா, அம்மாச்சி?" என்றேன். "எந்திரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ தூங்கு" என்றார்கள்.

மறுநாள் முழுதும் கப்பல் கடலிலே கிடந்தது. கதிரவன் சாய்ந்த பொழுதில் அம்மாச்சி என்னை அழைத்துக்கொண்டு மேல்தளத்தின் பின்புறத்திற்கு வந்தார்கள். அவ்விடத்தே கூட்டமில்லை. கப்பல் உழுது சென்ற வெண்சால் நெடுந்தொலைவு தெரிந்தது. அம்மாச்சி அங்கிருந்த நாற்காலியில் அமர்ந்து, எனக்குப் பாதி தெரிந்த கதையின் மறுபாதியைக் கூறினார்கள்.

தெரிந்த பாதி இது. அம்மாச்சி பிறந்தது மலேயாவின் கெடா மாநிலத்து இரப்பர்த் தோட்டத்தில். பால்மரம் சீவுவதற்கு நம் நாட்டினின்று ஆள்கொண்டு சென்ற ஒப்பந்த முறை 1910ஆம் ஆண்டிலும், கங்காணி முறை 1938ஆம் ஆண்டிலும் ஒழிந்தன எனினும், சென்றவர்கள் அங்கேயே தங்கிப் பிள்ளை பெற்றனர். 1969ஆம் ஆண்டு மே மாதம் கோலாலம்பூரில் இனக்கலவரம் நிகழ்ந்தபின், குடியுரிமை பெறாதோர் வேலைசெய்ய அரசின் அனுமதிச்சீட்டு வேண்டுமென்னும் விதி செயற்படுத்தப்பட்டது. பல்லாயிரவர் இந்தியாவிற்குத் திரும்பினர். 1970ஆம் ஆண்டு அவ்வாறு திரும்பியவர்களுள் என் கொள்ளுத்தாத்தா குடும்பமும் ஒன்று. அம்மாச்சிக்கு அப்போது பதின்மூன்று வயது.

அக்காலத்தில் பினாங்கிற்கும் நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் இடையே ஓடிய கப்பல்களுட் புகழ்பெற்றது 'இரஜூலா'. 1926ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை இக்கடலில் உழைத்தது. அதன் கொள்ளளவு எண்ணாயிரத்துச் சில்லறை டன். தொடக்கத்தில் அது ஏற்றிக்கொள்ள இசைவு பெற்றிருந்த தளப்பயணியரோ ஐயாயிரவருக்கும் மேற்பட்டோர். நாங்கள் ஏறிய கப்பல் அதனினும் ஐந்து மடங்கிற்கு மேற் பெரிது. அது கொள்வதோ ஏறத்தாழ 1,800 பயணியர். கணக்கில் வல்லவர்கள் ஒருவருக்கு எவ்வளவு இடமெனத் தாமே கண்டுகொள்க. தளப்பயணியர்க்கு அறையுமில்லை, கட்டிலுமில்லை. பாயை விரித்து, தகரப் பெட்டிகளை வேலியாக வைத்து, ஏறத்தாழ ஒரு வாரம் கிடக்கவேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அணுகாது. கடலில் நங்கூரமிட்டு நிற்க, படகுகளில் இறங்கிக் கரைசேர்வர்.

அத்தகைய கப்பலொன்றிலேதான் அவர்கள் வந்தார்கள். தாய் தந்தையர், அம்மாச்சி, நான்கு வயதுத் தங்கை என நால்வர். நால்வர் ஏறினார்கள் என்பதே எனக்குத் தெரியாத மறுபாதி. ஏறுமுன்னரே சிறுமிக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. சீட்டுக் கிடைத்த கப்பலை விட்டால் அடுத்தது எப்போதோ என்றஞ்சி ஏறிவிட்டனர். நான்காம் இரவில் அவள் இறந்தாள்.

"வெள்ளைத் துணியில் சுற்றினார்கள். எங்களோடு வந்த உபதேசியார் ஒருவர் ஜெபம் பண்ணினார். விடியுமுன்னே கொண்டுபோனார்கள். பெண்பிள்ளைகள் வரவேண்டாமென்று அப்பா மட்டும் போனார். நான் அம்மா மடியில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். எந்திரச் சத்தம் கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு பழையபடி எழுந்தது. அவ்வளவுதான். நாகப்பட்டினம் வரும்வரைக்கும் நான் சாப்பிடவில்லை."

ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளில், நாங்கள் திருமங்கலத்துக் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்வது வழக்கம். எங்கள் முன்னோர் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றியபின், அம்மாச்சி மதிலோரத்தில் வெறுந்தரையில் ஒரு திரி ஏற்றுவார்கள். கல்லறை இல்லாதவர்களுக்கு என்று கூறுவார்கள். பன்மையிற் கூறியதனால் யாங்கள் எவரும் மேலும் வினவியதில்லை.

இதற்குள் மாமாவும் அங்கு வந்திருந்தார். அவருக்கும் இச்செய்தி புதிதென்பதை அவர் முகம் காட்டிற்று. அவர் தம் கைபேசியில் படத்தை விரித்து, "அம்மா, நாம் இருப்பது சென்னைக்குப் பக்கத்தில். பினாங்கிலிருந்து நாலு நாள் வந்த இடமென்றால் அது எங்கேயோ இருக்கிறது, அந்தமானுக்கு அந்தப் பக்கமோ, இந்தப் பக்கமோ" என்றார். அறிவுக்கு ஒத்த உரையே. அம்மாச்சி அப்படத்தைச் சிறிது நோக்கிவிட்டு, "தண்ணீருக்கு எல்லைக்கல் நட்டிருக்கிறார்களா, தம்பி?" என்றார்கள்.

பின் வாழையிலைப் பொதியைப் பிரித்து, சரத்தைக் கையிலெடுத்துக்கொண்டு கம்பியருகே சென்றார்கள்.

அப்போது அவ்வழியே வந்த பணியாளர் ஒருவர் விரைந்து வந்து நின்றார். வெண்சட்டை அணிந்த இளைஞர். முதலில் ஆங்கிலத்தில் தொடங்கி, அம்மாச்சியின் முகத்தைக் கண்டதும் தமிழுக்கு மாறினார். "பாட்டிம்மா, கடலில் எதுவும் போடக்கூடாது. பூவானாலும் கூடாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்றார். கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்க 1973ஆம் ஆண்டு நாடுகள் உடன்படிக்கை செய்தன. அதன்பின் குப்பையைப்பற்றிய விதிகள் கடுமையாயின. பயணியர் எதனையும் வெளியே எறிதல் கப்பல்களில் பெருங்குற்றம். விதி நல்ல விதி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அப்பொழுதில் அவ்விளைஞர் அதனைக் கூறக் கூசினார் என்பதையும் எழுதவேண்டும். மாமா காரணத்தை அவரிடம் தாழ்ந்த குரலிற் கூறினார். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"உனக்கு எந்த ஊர், அய்யா?" என்று கேட்டார்கள் அம்மாச்சி.

"இராமநாதபுரம் பக்கம், பாட்டிம்மா. கீழ்த்தளத்தில் வேலை. ஆறு மாதமாகிறது வீட்டுக்குப் போய்."

"சாப்பாடெல்லாம் சரியாகக் கொடுக்கிறார்களா?"

"கொடுக்கிறார்கள்."

"சரி. நீ போ, உன் வேலையைப் பார். நான் போடவில்லை."

அவர் சென்றபின்னும் அம்மாச்சி கம்பியருகே நின்றார்கள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. திடீரென, கடலை நோக்கி, ஒரு பெயரைச் சொல்லி உரக்க அழைத்தார்கள். ஒரே முறை. வீட்டில் கோழியடைக்கும் நேரத்தில் தெருவில் விளையாடும் குழந்தையை அழைக்கும் அதே குரல்.

அப்பெயர் என் தங்கையின் பெயர். அவளுக்கு அப்பெயரை இடவேண்டுமென்று அவள் பிறந்த நாளில் அம்மாச்சி பிடிவாதம் செய்தார்கள் என்பதை என் தாய் பலமுறை கூறக் கேட்டிருக்கிறேன். ஏன் என்பதை என் தாயும் அறிந்தாரில்லை.

"என்ன, அம்மாச்சி?" என்று மறுமொழி வந்தது. தளத்தின் மறுகோடியினின்று என் தங்கை, ஈரத்தலையோடு, தோளிற் போர்த்த துவாலை காற்றிற் பறக்க, ஓடிவந்தாள்.

அம்மாச்சி திரும்பினார்கள். அவர்கள் முகத்தை யான் இங்கே வருணிக்க முயலேன். நெய்தலுக்கு இரங்கல் உரியதென்பதற்கு உரையாசிரியர்கள் காட்டும் மேற்கோள்கள் யாவும் தலைவன் பொருட்டுத் தலைவி இரங்குவனவே. ஒரு தமக்கை தங்கைக்காக ஐம்பத்திரண்டு ஆண்டுகள் இரங்கியதை எத்துறையில் அடக்குவதென ஆசிரியரை வினவ எண்ணி, இன்றுவரை வினவவில்லை.

அவர்கள் தங்கையை அருகே இழுத்து, துவாலையால் தலையைத் துவட்டினார்கள். "குளித்த தலையோடு இந்தக் காற்றில் நிற்கலாமா? காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?" என்று கடிந்தார்கள். விரல்களாலே சிக்கெடுத்து இரட்டைச் சடை பின்னினார்கள்; சரத்தை இரண்டாக அறுத்து இரண்டிலும் சூட்டினார்கள். அவளோ பூ எங்கிருந்து வந்ததென்றும் கேட்டிலள். உணவுக்கூடத்தில் பனிக்கூழ் தீர்ந்துவிடுமென்ற கவலையே அவளுக்குப் பெரிதாயிருந்தது.

கீழே சென்றோம். அன்றிரவு இரசம் வைத்திருந்தார்கள். அம்மாச்சி சோற்றைக் குழைத்து இரசத்தோடு உண்டு, எழுந்து சென்று தட்டை நீட்டி, இரண்டாம் முறையும் வாங்கிவந்தார்கள்.